ஆயிரத்தொன்பதாவது கோழி

கருத்தையா சங்கத் தலைவரானது தலையை ஆட்டியதால்தான். வைரவன்பொட்டல் கோழி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் முதல் கூட்டத்தில், தலைவராக இருக்க யாருக்குச் சம்மதம் என்று விரிவாக்க அலுவலர் சத்தியமூர்த்தி கேட்டார். நாற்பத்தேழு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். கருத்தையா கழுத்தில் ஏறிய கட்டெறும்பை உதறுவதற்காகத் தலையை ஒரு வெட்டு வெட்டினார். அது சம்மதமாகக் குறிக்கப்பட்டு, கைதட்டலோடு நிறைவேறியது.

அது அறுபத்தெட்டாம் வருசம். மழை இல்லாமல் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மானகிரி, கல்லல் என்று நடவு தேடிப் போய்க்கொண்டிருந்த அன்னக்கிளிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கருத்தையாவின் சம்சாரமான அவள், இனிமேல் குனிந்து செய்கிற வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் சர்க்கார் வெள்ளைக்கோழி தரப்போவதாகப் பேச்சு வந்தது. நாட்டுக்கோழி மாதிரிப் பத்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்து சோம்பேறித்தனம் பண்ணாத, வருசம் பூராவும் இடுகிற சீமைக்கோழி. நாற்பத்தெட்டு உறுப்பினர், ஆளுக்கு இருபத்தொரு கோழி. அன்னக்கிளி காரைக்குடிக்குப் போய் ஒரு ஓட்டல்காரரிடம் முட்டைக்குப் பேசி முடித்துவிட்டே வந்தாள். கோழி வருவதற்கு முன்னால் கூடை வந்துவிட்டது.

திட்டத்துக்கு ஏழாவது விதி என்று ஒன்று இருந்தது. முன்பு ஒரு தடவை வேறொரு ஊரில் ஆட்டுக்குட்டிகளைப் பகிர்ந்தபோது மூன்று குட்டிகள் மிஞ்சின. அவை என்ன ஆயின என்று விசாரிக்க ஒரு குழு வந்தது. குழுவுக்கு மத்தியானச் சாப்பாடு மிகவும் சிறப்பாக இருந்ததாகவும், குட்டிகளைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்றும் அந்தக் குழுவே அறிக்கை எழுதியது. அதிலிருந்து, இந்தத் திட்டங்களை நடத்துகிற கோழி அபிவிருத்தி மன்றம் கண்டிப்பாக ஒரு விதி போட்டது: சரிசமமாகப் பகிர வேண்டும், மீதி இருக்கக் கூடாது, மீதி இருந்தால் பகிரவே கூடாது.

சரியாக ஆயிரத்தெட்டுக் கோழிக்குத்தான் அனுமதி. வழியில் ஒன்று செத்துவிட்டால் ஈடுகட்டட்டும் என்று சர்க்கார் பண்ணையில் ஒன்று கூடுதலாக ஏற்றிவிட்டார்கள். ஆனால் லாரி ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். தேர் இழுக்கிற வேகத்தில் ஓட்டி, புளிய மரத்து நிழலிலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் காட்டி, ஆயிரத்தொன்பதையும் உயிரோடு கொண்டுவந்து இறக்கினார். சத்தியமூர்த்தி எண்ணி முடித்துவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒன்றுகூடச் சாகவில்லையா? உம்மை யார் இவ்வளவு அக்கறையாக ஓட்டச் சொன்னது?"

நாற்பத்தெட்டுப் பேருக்கும் இருபத்தொன்று பிரித்ததில் ஒரு கோழி மிஞ்சியது. மிஞ்சியதால் மற்ற ஆயிரத்தெட்டையும் கொடுக்க முடியாமல் போயிற்று. அந்த ஒற்றைக் கோழியைப் பண்ணைக்கே திருப்பி அனுப்பலாம் என்றால், பண்ணையில் கோழி வெளியே போவதற்குப் பதிவேடு உண்டு, உள்ளே வருவதற்குக் கிடையாது. கருத்தையா மெல்ல ஒரு யோசனை சொன்னார்.

"கருப்பருக்கு நேந்து விட்டுருவோமே சார்."

"கருப்பர் சங்கத்தில் உறுப்பினரா?"

"இல்ல சார்."

"சந்தா கட்டியிருக்கிறாரா?"

கருத்தையா யோசித்துப் பார்த்தார். கருப்பர் யாருக்கும் எதுவும் கட்டி அவர் கேள்விப்பட்டதில்லை.

கோழியைக் குறைக்க முடியாவிட்டால் என்ன, உறுப்பினரைக் கூட்டிக் குறைக்கலாம் என்று சத்தியமூர்த்தி பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு பேராக்கினார், ஒன்று மிஞ்சியது. முப்பத்தாறு ஆக்கினார், ஒன்று மிஞ்சியது. ஐம்பத்தாறு ஆக்கினார், அதற்கும் ஒன்றுதான். ஐம்பதாக்கியபோது ஒன்பது மிஞ்சியது. எந்தப் பக்கம் போனாலும் வாசலை மறித்துக்கொண்டு ஒரு கோழியாவது நின்றது. கணக்கு முடிகிறவரை கோழிகள் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கும் என்றும், தலைவரே அவற்றுக்குப் பொறுப்பு என்றும் எழுதி, கருத்தையாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போனார்.

ஆயிரத்தொன்பது கோழியை அடைக்க ஊரில் ஒரே இடம்தான் இருந்தது, தேனம்மை ஆச்சியின் வீடு. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் புழக்கடையுமாக நீண்டு கிடக்கிற அந்த வீட்டில், பிள்ளைகள் மலாயாவில் இருக்க, ஆச்சி ஒருத்தி இரண்டு அறையைப் புழங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளைக்கு என்று கேட்டதால் பின்கட்டைத் திறந்துவிட்டாள். சீமைக்கோழிகள் உடம்பு லேசானவை. இறங்கிய அன்றே பர்மாத் தேக்கு உத்திரங்களில் வரிசையாக ஏறிக்கொண்டன. இத்தாலியப் பளிங்குத் தரை மறுநாள் முதல் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் இத்தனை கூட்டம் வந்ததில்லை என்று ஆச்சி சொன்னாள்.

தீவனம் மன்றத்திலிருந்து வந்தது. அனுமதித்த எண்ணிக்கைக்கு வந்தது. அதாவது ஆயிரத்தெட்டுக்கு. ஆயிரத்தொன்பதாவது கோழிக்குத் தீவனம் ஒதுக்கப்படவில்லை என்றும், அது தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது தலைவரின் கடமை என்றும் கூடவே ஒரு குறிப்பு வந்தது. எந்தக் கோழி சார் அது என்று கருத்தையா கேட்டார். கடைசியாக எண்ணப்படுவதுதான் என்றார் சத்தியமூர்த்தி. கருத்தையா மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு கோழி கடைசியாக வந்தது. மூன்றுமே தின்றுகொண்டுதான் இருந்தன.

அடுத்து முட்டை. தினம் அறுநூறு எழுநூறு முட்டை விழுந்தது. அன்னக்கிளி கூடையை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, பகிரப்படாத சொத்தின் வருமானமும் பகிரப்படாத சொத்துதான் என்று சத்தியமூர்த்தி விளக்கினார். ஆகவே முட்டைகளை ஆச்சியின் சீதனப் பாத்திரங்களில் அடுக்கினார்கள். முதலில் குவளைகள் நிறைந்தன, பிறகு அண்டாக்கள். ஒரு மாதம் போனதும் அடியில் கிடந்தவை 'டொப் டொப்' என்று வெடிக்க ஆரம்பித்தன. நாற்றம் திருப்பத்தூர் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிற அளவுக்கு வளர்ந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்க, எச்சம் கூட்ட, முட்டை பொறுக்க என்று எல்லா வேலையும் தலைவர் சம்சாரம் என்ற முறையில் அன்னக்கிளி தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, சேவை.

"நடவுலயாவது வரப்புல ஏறி நிமிந்துக்குவேன்," என்றாள் புருசனிடம். "இங்க விடிஞ்சதுலருந்து குனிஞ்சபடிக்கே கெடக்கேன். இதுக்குத்தேன் தலைய ஆட்டுனீகளா?"

எறும்பைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று கருத்தையா சும்மா இருந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, சத்தியமூர்த்தி ஒரு கணிதப் பேராசிரியரை ஜீப்பில் அழைத்துவந்தார். மாயக்கண்ணன் என்று பெயர், ஓய்வு பெற்றவர். கோழிகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எண்ணைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார், பாயசத்தை வாயில் வைத்தவர் மாதிரி.

"ஆயிரத்தொன்பது. நாலு இலக்கத்தில் வருகிற முதல் பகா எண் அல்லவா. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. இதைக் கண்டுபிடிக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. இரண்டு, மூன்று, ஐந்து என்று முப்பத்தொன்று வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்தொன்பதைத் தாண்டிவிடுகிறதே, அதற்கு மேல் தேடி என்ன பயன்?"

சத்தியமூர்த்தியின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஐந்நூற்று நாற்பது வரைக்கும் வகுத்திருந்தார். அதற்காக மிகைநேரப் படியும் வாங்கியிருந்தார்.

பேராசிரியர் நிறுத்தவில்லை. இதைத் திருப்பிப் போட்டால் ஒன்பதாயிரத்து ஒன்று, அதுவும் பகா எண் என்றார். இதை இரண்டு சதுரங்களாக உடைக்கலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் உடைக்க முடியும் என்றார். இருபத்தெட்டு வரிசையில் இருபத்தெட்டு இருபத்தெட்டாக ஒன்று, பதினைந்து வரிசையில் பதினைந்து பதினைந்தாக ஒன்று. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. சத்தியமூர்த்தி அதைக் குறித்துக்கொண்டார். மறுவாரம் ஆச்சி வீட்டுப் புழக்கடையில் சுண்ணாம்பால் இரண்டு பெரிய சதுரக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கோழி நிற்கவைத்துப் போட்டோ எடுக்க உத்தரவு வந்தது. நாற்பத்தெட்டு உறுப்பினரும் ஒரு பகல் முழுக்கக் கோழியைத் தூக்கித் தூக்கிக் கட்டத்துக்குள் வைத்தார்கள். அதிகபட்சமாக ஏழு கோழி சேர்ந்தாற்போல் நின்றன. அதில் ஒன்று அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. போட்டோ கணிதத்துக்கு நெருங்கி வந்திருப்பதாக மேலிடம் பாராட்டியது.

இந்த மாதிரி எண்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று சத்தியமூர்த்தி பேராசிரியரைக் கேட்டார். முடிவே கிடையாது என்றார் அவர். சத்தியமூர்த்திக்கு அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது.

"அப்படியானால் இது எங்கள் துறையின் தவறு அல்ல. துறை தோன்றுவதற்கு முன்பே இருந்துவரும் குறைபாடு," என்று எழுதிக்கொண்டார்.

பகிர்வதற்கு வழியே இல்லையா என்று கேட்டதற்கு, இரண்டு வழி உண்டு என்று பேராசிரியர் சொன்னார்: ஒரே ஆளுக்கு எல்லாவற்றையும் கொடுக்கலாம், அல்லது ஆயிரத்தொன்பது பேருக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். முதல் வழிதான் சத்தியமூர்த்திக்குப் பிடித்திருந்தது. ஒரே உறுப்பினர் உள்ள கூட்டுறவில் பாரபட்சம், கோஷ்டி, வாக்குவாதம் எதுவும் வராது, அதுவே கூட்டுறவின் உச்சநிலை என்று ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். ஆனால் அந்த ஒருவர் யார் என்ற பேச்சு எழுந்ததும் நாற்பத்தெட்டுப் பேரும் எழுந்தார்கள். இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. அதனால் இரண்டாம் வழிக்கு வந்தார்கள்.

ஊரில் கைக்குழந்தையைச் சேர்த்தாலும் நானூறு பேர் தேறாது. சங்கத்துக்கு இன்னும் தொள்ளாயிரத்து அறுபத்தோரு பேர் வேண்டும். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திருப்பத்தூர்ச் சந்தை, கல்லல் ரயிலடி என்று போய் ஆள் சேர்த்தார்கள். கோழி என்றால் என்ன என்று தெரியாத ஒரு சுத்த சைவக் குடும்பமும் சேர்ந்தது, சர்க்கார் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதற்காக. கடைசி ஆளாக, பஸ் மாறுவதற்காக இறங்கி நின்ற ஒரு ஜவுளி வியாபாரியைப் பிடித்துப் போட்டதும் ஆயிரத்தொன்பது முழுமையானது.

அன்னக்கிளி கணக்குப் போட்டாள். இருபத்தொன்று, ஒன்றாகிவிட்டது. ஒரு கோழி இடுகிற முட்டையைக் கொண்டுபோக எந்த ஓட்டல்காரன் காத்திருப்பான்? கருத்தையா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய் அவளுக்குப் பதிலாக ஒரு பாதி முற்றத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

பகிர்வு விழாவுக்குச் சென்னையிலிருந்து தனி அலுவலர் வந்தார். மன்றத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. பந்தல், மாலை, வாழைமரம். ஆயிரத்தொன்பது பேரும் வெயிலில் வரிசையில் நின்றார்கள். முதலில் தனி அலுவலருக்கு முகப்பில் இலை போட்டார்கள். செட்டிநாட்டுக்கு வந்துவிட்டு மிளகுக்கோழி சாப்பிடாமல் போவதா என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்ததால், சமையல்காரர் பின்கட்டுக்குப் போய்க் கைக்கு எட்டியதைப் பிடித்து வந்திருந்தார். தனி அலுவலர் எலும்பைக் கடித்து முறித்து, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவினார்.

பிறகு எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்தெட்டு.

சத்தியமூர்த்தி வேர்த்து வழிய வகுத்துப் பார்த்தார். ஆயிரத்தெட்டுக் கோழி, ஆயிரத்தொன்பது பேர். ஆளுக்குப் பூஜ்யம், மீதி ஆயிரத்தெட்டு. சங்க வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய மீதி வந்ததில்லை. கோழி எங்கே என்று தனி அலுவலர் கடுமையாகக் கேட்டார். சமையல்காரர் இலையைப் பார்த்தார். எல்லோரும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தனி அலுவலர் ஒலிபெருக்கிமுன் நின்று தொண்டையைச் செருமினார்.

"தனிமனிதன் மறைவான், திட்டம் மறையாது. ஒரு கோழி தன்னைத் தியாகம் செய்திருக்கிறது. அதை யார் சாப்பிட்டார் என்று கேட்பது குறுகிய மனப்பான்மை. இந்த மன்றம் உங்களுக்காக எதையும் விழுங்கத் தயாராக இருக்கிறது," என்றார். கைதட்டல் எழுந்தது.

அவர் கார் புழுதிக்குள் மறைந்த பிறகுதான் கருத்தையாவுக்கு ஒன்று உறைத்தது. ஆயிரத்தெட்டு என்பது பழைய நாற்பத்தெட்டுப் பேருக்குக் கச்சிதமாக இருபத்தொன்று வருமே. ஓடிப்போய்ச் சத்தியமூர்த்தியிடம் சொன்னார். அவரும் அதை அறிந்தே இருந்தார். ஆனால் புதிதாகச் சேர்ந்த தொள்ளாயிரத்து அறுபத்தோரு பேரை நீக்க, பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பொதுக்குழுவே அவர்கள்தான். தங்களை நீக்கிக்கொள்ள அவர்கள் கையைத் தூக்குவார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்த்தார்கள். ஜவுளி வியாபாரி மட்டும் தூக்கினார். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மற்றவர்கள் கோழி இல்லாமல் நீங்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். அடுத்த விழாவுக்குத் தேதி பின்னால் அறிவிக்கப்படும், அதுவரை கோழிகளுக்குத் தலைவரே பொறுப்பு என்று கருத்தையாவிடம் இன்னொரு கையெழுத்து வாங்கப்பட்டது.

மறுநாள் உச்சிப்பொழுது. ஊர் உண்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம். அன்னக்கிளி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். இடுப்பில் கை ஊன்றி நன்றாக நிமிர்ந்தாள். நேரே போய்ப் புழக்கடைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்தாள். கருத்தையா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"என்னத்தச் செய்யிற? நான் கையெழுத்துப் போட்ருக்கேன்டி. உள்ள வச்சுருவாக."

"தொறந்தது நாந்தேன். ஒங்களுக்கு எதுவும் தெரியாது. அங்குட்டுத் திரும்பி நில்லுங்க."

கருத்தையா அங்குட்டுத் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் முதலில் ஒரு கொக்கரிப்பு, பிறகு சலசலப்பு, அப்புறம் ஒரு பெரும் வெள்ளை இரைச்சல். ஐந்து மாதமாக அடைபட்டிருந்தவை தெருவெல்லாம் நிரம்பின. கூரைமேல் ஏறின, வேலி தாண்டின, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர்களின் தோளில் உட்கார்ந்தன. ஒரு வார்த்தை பேசாமல் ஊர் எழுந்தது. கூடை, சாக்கு, சேலைத் தலைப்பு எதுவும் கிடைக்காதவர்கள் வேட்டியை அவிழ்த்துப் போட்டு அமுக்கினார்கள். யாருக்கு எத்தனை என்று எண்ண அவகாசம் இல்லை. ஒருத்தர் வீட்டில் முப்பது அடைந்தது, ஒருத்தர் வீட்டில் பத்து. பெத்தன் வீட்டுக்கும் பொன்னழகு வீட்டுக்கும் ஒரு சின்ன வாய்ச்சண்டை வந்து, அதுவும் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது.

கருத்தையா அன்று சோறு தொடவில்லை. மறுநாள் சத்தியமூர்த்தியின் அலுவலகத்துக்கு நடந்து போய், கதவு திறந்துவிட்டது, கோழி எல்லாம் போய்விட்டன என்று கைகட்டி நின்று சொன்னார். சத்தியமூர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாமே போய்விட்டனவா? ஒன்றுகூட மிச்சமில்லையே? நன்றாக யோசித்துச் சொல்லும். ஒன்று இருந்தாலும் தொல்லை."

"ஒண்ணுகூட இல்ல சார்."

சத்தியமூர்த்தி எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கோழி பறவை இனம், பறவை பறந்துபோனால் காப்பாளர் பொறுப்பல்ல என்று மன்றத்தின் முப்பத்திரண்டாம் விதி சொல்கிறது என்றார். அப்படி ஒரு விதியை ஏன் போட்டார்கள் என்று இத்தனை வருடமாகத் தனக்கே விளங்காமல் இருந்தது என்றும் சொன்னார்.

எண்ணிக்கை பூஜ்யம் என்று நேரில் உறுதி செய்ய அன்று மாலையே வந்தார். ஆச்சி வீட்டுப் பின்கட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். தரையில் கோழி இல்லை. தாளை எடுத்து எழுதப் போகும்போது, மேலே இருட்டில் உத்திரத்தின்மேலிருந்து "கொக் கொக் கொக்" என்று கேட்டது. கருத்தையா தேடாத இடம் அது ஒன்றுதான்.

"என்ன சத்தம்?" என்றார் சத்தியமூர்த்தி, தலையை நிமிர்த்தாமல்.

"பல்லி, தம்பி," என்றாள் தேனம்மை ஆச்சி. "பழைய வீடுல்ல. பல்லியெல்லாம் கொஞ்சம் பெருசா இருக்கும்."

உத்திரத்திலிருந்து ஒரு முட்டை உருண்டு வந்து சத்தியமூர்த்தியின் தோளில் விழுந்து உடைந்தது. மஞ்சள் கரு சட்டைப் பை வரைக்கும் வழிந்தது. ஆச்சி நிதானமாகப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"வலது தோளு. வெற்றினு போட்ருக்கு பஞ்சாங்கத்துல."

சத்தியமூர்த்தி கைக்குட்டையால் தோளைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினார். பூஜ்யத்தை நாற்பத்தெட்டால் வகுத்தார், மீதி இல்லை. ஆயிரத்தொன்பதால் வகுத்தார், அதற்கும் மீதி இல்லை. யார் உறுப்பினர் என்ற தகராறுகூடத் தேவையில்லாமல் போயிற்று. யாருக்கும் ஒன்று கூடவில்லை, யாருக்கும் ஒன்று குறையவில்லை. ஏழாவது விதி எழுத்துப் பிசகாமல் நிறைவேறிய ஒரே சங்கம் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றறிக்கை போயிற்று. சத்தியமூர்த்திக்குச் சென்னைக்குப் பதவி உயர்வு வந்தது.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. 'எனக்குரிய பூஜ்யம் கோழிகளை நல்ல ஆரோக்கிய நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் கைநாட்டு வைக்க வேண்டும். காலையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார். நான்காவதாக நின்ற கருத்தையா பூஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால், தலையில் கூடையோடு அன்னக்கிளி. அவளும் உறுப்பினர்தான், ஆள் சேர்த்த மும்முரத்தில் சேர்க்கப்பட்டவள்.

"வெரசா வாங்குங்க சார். காரைக்குடி பஸ்ஸு போயிரும்."

"கூடையில் என்ன?"

"முட்டை சார்."

"எந்தக் கோழி இட்டது?"

அன்னக்கிளி பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். வைத்த பிறகு கேட்டாள்.

"எங்கிட்ட கோழியே இல்லைன்னு இப்பத்தேன சார் கைநாட்டு வாங்குனீக?"

சத்தியமூர்த்தி அந்தத் தாளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். மைப்பெட்டியை அடுத்த ஆள் பக்கம் தள்ளி வைத்தார். பஸ் திருப்பத்தில் ஆரன் அடித்தது. அன்னக்கிளி நிமிர்ந்த இடுப்பும் ஆடாத கூடையுமாக ரோட்டைப் பார்க்க நடந்தாள்.